சத்திய தருமச்சாலை, வடலூர்

கடலூர் மாவட்டம் வடலூரில் வள்ளலார் எனப்படும் இராமலிங்க அடிகளார் (1823–1874) 1867 மே 23 அன்று நிறுவிய அன்னசாலை. இடம், அந்நாளில் பார்வதிபுரம் எனப்பட்ட ஊரின் மக்கள் மனமுவந்து அளித்த சுமார் 80 காணி நிலத்தைச் சேர்ந்தது. சாதி, மதம், ஊர் எதுவும் கேட்காமல் பசித்து வருவோர் அனைவருக்கும் இங்கே சைவ உணவு பரிமாறப்படுகிறது. பசியாற்றுவதையே சீவகாருண்யத்தின் முதற்கடமை என்றார் வள்ளலார். கொடுப்பவர் உயர்ந்தவர், பெறுபவர் தாழ்ந்தவர் என்ற எண்ணத்துக்கு இடம் தராததே இச்சாலையின் ஆகப்பெரிய சிறப்பு.

அவர் காலத்தில் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. அதன் நீளம் 21 அடி. அரிசி, பருப்பு, காய்கறி, விறகு எனப் பொருளாகவும் பணமாகவும் அன்பர்கள் வழங்குகிறார்கள். கையில் பொருள் இல்லாதவர்களுக்கும் இங்கே பங்குண்டு: காய் நறுக்கலாம், பாத்திரம் துலக்கலாம், பந்தியில் பரிமாறலாம். உடலுழைப்பும் இங்கே முழுமையான கொடைதான். தைப்பூசத்தன்று வடலூரில் நடக்கும் சோதி தரிசனத்துக்குப் பெருங்கூட்டம் கூடும். அதற்கு முன்பே பல ஊர்களின் உழவர்களும் வணிகர்களும் மூட்டை மூட்டையாக அரிசியும் காய்கறியும் அனுப்பிவிடுவார்கள். நிர்வாகம் தமிழக அரசின் இந்து சமய அறநிலையத் துறையிடம் உள்ளது.