கல்வெட்டும் அடிக்குறிப்பும்

திருவண்ணாமலைக் கோயிலின் 217 அடி உயர ராஜகோபுரத் திருப்பணி யாருடையது என்று கேட்டால், பலரும் கிருஷ்ணதேவராயரின் பெயரைச் சொல்வர். இதற்கு ஆதாரம் என்ன? அக்கோயிலிலேயே உள்ள கல்வெட்டுதான். ஆயிரங்கால் மண்டபம், குளம், பதினொரு நிலைக் கோபுரம் என மன்னரின் திருப்பணிகளை அது வரிசையாகச் சொல்கிறது.

பழைய எழுத்தை எல்லோராலும் படிக்க முடியாது. எனவே அரசின் கல்வெட்டுத் துறையினர் 1902இல் இக்கோயிலின் கல்வெட்டுகளைப் படியெடுத்தனர். 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' வரிசையின் 8ஆம் தொகுதியில் அவை 1937இல் அச்சாயின. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. தொகுதியையும் எண்ணையும் குறித்துவிட்டால் யாரும் சரிபார்க்கலாம்.

இணையக் கலைக்களஞ்சியமும் இதே பாடத்தைத்தான் கற்றது. விக்கிப்பீடியா 2001இல் தொடங்கியது. தமிழ்ப் பதிப்பு 2003இல் வந்தது. ஆரம்பத்தில் கட்டுரையின் கடைசியில் நூல்களின் பட்டியல் மட்டும் இருக்கும். எந்த வரி எந்த நூலிலிருந்து வந்தது என்று தெரியாது. 2005 இறுதியில் புதிய மென்பொருள் வசதி வந்தது. வரியின் பக்கத்திலேயே சான்றை எழுதினால், அது தானாக எண் பெற்று அடிக்குறிப்பாகிவிடும். ஆதாரம் இல்லாத வரிக்குச் 'சான்று தேவை' என்று குறியிடுவதும் வழக்கமாயிற்று.

இது வெறும் சம்பிரதாயம் அல்ல. திருப்பணியின்போது மணலைப் பீய்ச்சிச் சுவரைச் சுத்தம் செய்ததால், தமிழகக் கோயில்கள் பலவற்றில் கல்லெழுத்துகள் தேய்ந்துபோயின. அங்கெல்லாம் மிஞ்சியிருப்பது அச்சுப்படி மட்டுமே. 'கல்வெட்டு கூறுகிறது' என்று பொதுவாக எழுதினால், எந்தக் கல்வெட்டு என்று தேட வழியில்லை. எண்ணோடு எழுதினால், கல் தேய்ந்த பிறகும் வரலாறு நிற்கும்.