வீழ்ச்சியின் பதிவுகள்: கோப்பி முதல் குடியுரிமை வரை

கணினியிற் செயலியொன்று திடீரென நிலைகுலையும்போது, அக்கணத்தில் நினைவகத்தில் இருந்தவற்றை வழுநீக்கக் கருவி ஒரு கோப்பாகப் பிடித்துவைக்கின்றது. காரணத்தைப் பின்னர் ஆராய்வோருக்கு அதுவே சான்று. ஆயினும் நினைவகம் முழுவதையும் பதிவதா, ஒரு பகுதியை மட்டும் பதிவதா என்பதைக் கருவியை அமைப்பவரே முன்கூட்டி முடிவுசெய்கிறார். பதியாது விடப்பட்டதைப் பின்னர் மீட்டல் அரிது. மலையக வரலாற்றை நோக்குவார்க்கும் இவ்வுண்மை பயன்படும்.

1869 இல் இலங்கைக் கோப்பித் தோட்டங்களில் இலைநோய் தோன்றியது. இலையின் அடிப்புறத்தில் செம்மஞ்சட் பொடி படர, இலைகள் உதிர்ந்தன. அவ்வாண்டிலேயே பேர்க்லியும் புறூமும் அப்பூஞ்சணத்துக்கு ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் எனப் பெயரிட்டனர். எனினும் கோப்பியின் விலை உயர்ந்திருந்தமையால் காடழிப்பு நிற்கவில்லை. திம்புள்ள, டிக்கோயா, மஸ்கெலியாப் பகுதிகளிலும் கோப்பி நடப்பட்டது. 1878 அளவில் பயிர்ப்பரப்பு ஏறத்தாழ 275,000 ஏக்கரை எட்டியது.

1880 இல் இங்கு வந்த ஹரி மார்ஷல் வார்ட், கிளிசரின் பூசிய கண்ணாடித் தகடுகளை வைத்துக் காற்றில் வந்த வித்திகளைப் பிடித்தார். ஈர இலையில் முளைக்கும் வித்தி இலைத்துளை வழியே உட்புகுவதை நிறுவினார். ஒரே பயிர் இடைவெளியின்றிப் பரந்துகிடந்தமை நோய் பரவ வழிசமைத்தது என்பது தெளிவாயிற்று. ஆனாற் கோப்பி பிழைக்கவில்லை. 1884 இல் ஓரியண்டல் வங்கியும் முறிந்தது. 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரிற் பயிரிட்ட தேயிலை கோப்பியின் இடத்தைப் பிடித்தது.

கோப்பிக்குப் பருவகால உழைப்புப் போதும். தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது. ஆதலால் வந்து மீண்ட தமிழகத் தொழிலாளர் குடும்பத்தோடு லயங்களில் நிலைபெற்றனர். அவர்களைப் பற்றித் தோட்டம் வைத்த பதிவு யாது? செக்றோலில் வேலைநாள் பதியப்பட்டது. 'துண்டு' என்னும் சீட்டிற் கடன் பதியப்பட்டது. 1921 இல் ஒழிக்கப்படும்வரை, தொழிலாளி தோட்டம் விட்டுத் தோட்டம் மாறுவதை அச்சீட்டே கட்டுப்படுத்தியது. உழைப்பும் கடனும் ஏடேறின. பிறப்பும் பரம்பரையும் அவ்வாறு பேணப்படவில்லை.

அவ்விடைவெளியின் விளைவு 1948 இல் வெளிப்பட்டது. அவ்வாண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், தந்தையேனும், தந்தைவழிப் பாட்டன் பூட்டன் இருவருமேனும் இலங்கையிற் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. தலைமுறைகளாய் உழைத்தோரிற் பலரிடம் அச்சான்று இருக்கவில்லை. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் பறிபோயிற்று. எஞ்சிய நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 இலேயே நிறைவேறியது.

சான்று இல்லாமையை மக்களின் குறையாகச் சட்டம் கொண்டது. அது பதிவு செய்தோரின் தெரிவு என்பதே வரலாறு காட்டும் உண்மை. காற்றில் மிதந்த வித்திக்குத் தகடு வைத்த ஆட்சி, அம்மலையிற் பிறந்த குழந்தையின் பத்திரத்தில் அத்துணை அக்கறை கொள்ளவில்லை. எஞ்சியுள்ள செக்றோல் ஏடுகளையும் லயங்களில் வாழும் முதியோரின் நினைவுகளையும் அவை அழியுமுன் தொகுத்தல் இன்றைய ஆய்வாளரின் கடனாகும்.