வீரபாண்டி திருவிழா: அக்னி வெயிலில் எட்டு நாள் மேளமும் கூட்டமும்... போய் வருவது லாபமா?

மே மாதம் பிறந்துவிட்டால் தேனி மாவட்டத்தில் டீக்கடையிலும் பேருந்திலும் ஒரே கேள்விதான் ஓடும்: "வீரபாண்டிக்கு என்னைக்குப் போறீங்க?" சென்னையிலோ கோவையிலோ திருப்பூரிலோ வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கும் ஊரிலிருந்து அதே கேள்வி போனில் வரும். அவர்கள் திருப்பிக் கேட்பது வேறு. "இந்த வெயில்ல, அந்தக் கூட்டத்துல போய்த்தான் ஆகணுமா?"

நியாயமான கேள்விதான். கோடைக்கால இசைத் திருவிழாக்களைப் பற்றி உலகம் முழுக்க ரசிகர்கள் கேட்டுக்கொள்வதும் இதைத்தான். இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி விழாவுக்கு 2025-ல் ஒரு டிக்கெட் 373.50 பவுண்டு. முன்பதிவுக் கட்டணம் தனி. அவ்வளவு கொடுத்து கூடாரம் அடித்துத் தங்கி, கழிப்பறைக்கு வரிசையில் நின்று, தூரத்தில் எறும்பு மாதிரி தெரியும் பாடகரைப் பார்த்துத் திரும்புவது லாபமா என்று அங்கேயும் விவாதம் ஓயவில்லை. கம்பம் பள்ளத்தாக்கில் அப்படி டிக்கெட் போட்டு நடக்கும் கோடை இசைவிழா கிடையாது. ஆனால் லட்சக்கணக்கானோர் கூடும், ராத்திரி பகலாக மேளம் கேட்கும் ஒரு கோடை விழா இருக்கிறது. வெயில், கூட்டம், தண்ணீர், சத்தம், ஊர் திரும்பும் வழி என்று கணக்குப் பார்க்க வேண்டியவை எல்லாம் இங்கேயும் உண்டு. டிக்கெட் மட்டும் இல்லை.

அந்த எட்டு நாளில் என்ன நடக்கும்?

தேனியிலிருந்து கம்பம் போகும் சாலையில் சுமார் 8 கிலோமீட்டரில், முல்லைப் பெரியாற்றின் கரையில் இருக்கிறது வீரபாண்டி கவுமாரியம்மன் கோயில். பார்வை இழந்த பாண்டிய மன்னன் வீரபாண்டியன் இங்கே வழிபட்டு ஒரு கண்ணில் பார்வை பெற்றான், பக்கத்திலுள்ள கண்ணீஸ்வரமுடையாரை வணங்கி மறு கண்ணிலும் பெற்றான் என்பது தலபுராணம். ஊர்ப் பெயரும் அவன் பெயரால்தான் என்கிறார்கள்.

சித்திரையில் கோயில் முன்பு முக்கிளை கொண்ட அத்திமரக் கம்பம் நடுவார்கள். அன்றிலிருந்து பெண்கள் தினமும் ஆற்றில் குளித்து, குடத்தில் தண்ணீர் எடுத்து வந்து கம்பத்துக்கு ஊற்றுவார்கள். பிறகு வரும் பெரிய திருவிழா செவ்வாய்க்கிழமை தொடங்கி அடுத்த செவ்வாயில் முடியும். வெள்ளிக்கிழமை தேரோட்டம். அக்னிச்சட்டி, ஆயிரம் கண் பானை, அலகு குத்துதல், அங்கப்பிரதட்சணம் என நேர்த்திக்கடன்கள் இரவு பகல் பார்க்காமல் நடக்கும்.

ஏன் இந்தக் கொதிக்கும் வெயிலில்? அம்மை நோய் கோடையில் பரவும், மாரியம்மன் விழாக்களும் கோடையில் வரும் என்பது ஊரறிந்த விளக்கம். இந்தப் பள்ளத்தாக்குக்கு இன்னொரு கணக்கும் பொருந்தும். முல்லைப் பெரியாறு அணையிலிருந்து முதல்போகத்துக்குத் தண்ணீர் திறப்பது வழக்கமாக ஜூன் 1. அந்தத் தண்ணீரை நம்பி கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் நெல் வயல் காத்திருக்கும். நாற்றங்காலும் நடவும் தொடங்கிவிட்டால் யாருக்கும் நேரம் இருக்காது. மே மாதம்தான் வயலுக்கும் ஆளுக்கும் ஓய்வு.

கேட்க என்ன இருக்கிறது?

இங்கேதான் முதல்முறை வருகிறவர்கள் ஏமாறுகிறார்கள். "பெரிய திருவிழா, பெரிய மேடை இருக்கும், பெரிய கச்சேரி இருக்கும்" என்று நினைத்து வருவார்கள். இன்னிசைக் கச்சேரியும் ஆடல் பாடலும் திருவிழாக் காலத்தில் எந்த ஊரிலும் உண்டுதான். ஆனால் அதில் கேட்கப் போவது சினிமாப் பாட்டு. அதே பாட்டை வீட்டில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து இதைவிடத் தெளிவாகக் கேட்கலாம். அதற்காக மட்டும் என்றால் வீரபாண்டிக்கு வரவே தேவையில்லை.

இந்த விழாவின் இசை சாலையில் நடந்து வரும். தீச்சட்டி எடுப்பவருக்கு முன்னால் அந்தக் குடும்பம் அமர்த்திய மேளக்காரர்கள் அடித்துக்கொண்டே வருவார்கள். உறுமியின் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது அடிவயிற்றிலிருந்து முனகுவது மாதிரி ஒரு சத்தம் எழும். மறு முகத்தில் தாளம் விழும். நாதஸ்வரம், தவிலோடு பம்பையும் தமுக்கும் சேர்ந்தால் நையாண்டி மேளம். ஒரு குழு கடந்து போவதற்குள் பின்னால் அடுத்த குழு வந்துவிடும். இரண்டு தாளமும் மோதி, கொஞ்ச நேரம் எது எவருடையது என்று தெரியாமல் குழம்பி, பிறகு பிரியும். அந்தக் குழப்பத்துக்கு நடுவில் நின்று கேட்பதுதான் வீரபாண்டி. செல்போன் வீடியோவில் அது வெறும் இரைச்சலாகத்தான் பதிவாகும்.

இந்த மண்ணின் காதுக்கு அதன் பங்கு பெரிது. 1943-ல் பிறந்த இளையராஜாவின் பண்ணைப்புரம் இதே மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில்தான் இருக்கிறது. 1976-ல் 'அன்னக்கிளி' வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அண்ணன் பாவலர் வரதராஜனோடு ஊர் ஊராகத் திறந்தவெளி மேடைகளில் பாடியவர் அவர். தம்பி கங்கை அமரன் 1989-ல் இயக்கிய 'கரகாட்டக்காரன்' இந்தக் கலைஞர்களின் வாழ்க்கையையே கதையாக எடுத்துக்கொண்டது. படத்தின் வாழைப்பழ காமெடி எல்லோருக்கும் நினைவிருக்கிறது. கவுண்டமணியும் செந்திலும் அதில் தவிலும் நாதஸ்வரமும் வாசிக்கும் மேளக்காரர்கள் என்பதுதான் பலருக்கு மறந்துவிட்டது.

மேளக்காரர்களுக்கும் கரகாட்டக் கலைஞர்களுக்கும் இது ரசனை விஷயம் இல்லை, வருமானம். மாசி தொடங்கி ஆடி வரை உள்ள திருவிழா மாதங்களில் சம்பாதிப்பதை வைத்துத்தான் மழைக்காலத்தைத் தள்ள வேண்டும். கொரோனாவால் 2020, 2021 இரண்டு ஆண்டும் கோடைத் திருவிழாக்கள் முடங்கியபோது இரண்டு சீசன் வருமானம் அப்படியே போனது. கலைமாமணி விருதும் நலவாரிய அட்டையும் இருக்கலாம். அடுப்பு எரிவது யாரோ ஒருவர் நேர்ந்துகொண்டு மேளம் வைப்பதால்தான். கூட்டம் வராத விழாவில் மேளம் வைப்பவர்களும் குறைவார்கள்.

டிக்கெட் கச்சேரியோடு ஒப்பிட்டால்?

தேனிப் பக்கத்து இளைஞர் ஒருவர் சென்னையில் நடக்கும் பெரிய இசை நிகழ்ச்சிக்குப் போக நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். போக மட்டும் 500 கிலோமீட்டர். 2010 இறுதியில் அகலப்பாதைப் பணிக்காக நின்றுபோன மதுரை - போடி ரயில் தேனி வரை 2022 மே மாதத்திலும், போடி வரை 2023 ஜூனிலும் திரும்பி வந்தது. சென்னை சென்ட்ரலுக்கு வாரம் மூன்று நாள் நேரடி ரயிலும் கிடைத்தது. ஆனால் கச்சேரி நடக்கும் நாளும் ரயில் ஓடும் நாளும் பொருந்த வேண்டுமே. இல்லாவிட்டால் ஆம்னி பஸ்தான். 500 ரூபாய்க்கு மேற்பட்ட டிக்கெட்டுக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. தங்குவது, சாப்பாடு, அரங்கத்திலிருந்து நள்ளிரவில் திரும்ப ஆட்டோ என்று கூட்டினால் டிக்கெட் விலையைச் செலவு தாண்டிவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் உள்ளே போக முடியாமல் போகலாம். 2023 செப்டம்பர் 10 அன்று சென்னை பனையூரில் நடந்த ஏ.ஆர்.ரஹ்மானின் 'மறக்குமா நெஞ்சம்' நிகழ்ச்சியை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மழையால் ஆகஸ்ட்டிலிருந்து தள்ளிவைக்கப்பட்ட நிகழ்ச்சி அது. டிக்கெட் வாங்கியவர்களில் பலர் நெரிசலில் சிக்கி, வாசலோடு திரும்பினார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையே ஸ்தம்பித்தது. உள்ளே வர முடியாதவர்கள் டிக்கெட் நகலை அனுப்பும்படி ரஹ்மானே கேட்டுக்கொண்டார்.

பணக் கணக்கில் வீரபாண்டி எளிதாக ஜெயித்துவிடும். ஆனால் டிக்கெட் இல்லாத விழாவுக்கு ஒரு குறை உண்டு. இத்தனை பேருக்கு மேல் அனுமதி இல்லை என்ற வரம்பே அங்கு கிடையாது.

வெயிலும் நெரிசலும்

மே 4 முதல் 28 வரை அக்னி நட்சத்திரம். திருவிழா அதற்கு நடுவில்தான் வரும். வெயிலும் கூட்டமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2024 அக்டோபர் 6 அன்று சென்னை மெரினாவில் நடந்த விமான சாகச நிகழ்ச்சி கசப்பான உதாரணம். அன்று ஐந்து பேர் உயிரிழந்தார்கள், அதுவும் அக்டோபர் வெயிலில். 2022 ஏப்ரலில் மதுரையில் கள்ளழகர் ஆற்றில் இறங்கிய அன்று நெரிசலில் இரண்டு பேர் பலியானார்கள். அதே மாதம் தஞ்சை களிமேட்டில் தேர் மின்கம்பியில் உரசி 11 பேர் இறந்தார்கள்.

ஆகவே பகல் 11 மணி முதல் 4 மணி வரை வயதானவர்களையும் கைக்குழந்தைகளையும் அழைத்துப் போவதில் அர்த்தமே இல்லை. விரதம் இருந்து வெறுங்காலில் தார்ச்சாலையில் நடப்பவர்களுக்குத் தண்ணீரோடு உப்பும் தேவை. நீர்மோரோ ஓ.ஆர்.எஸ். கரைசலோ கையில் இருக்கட்டும். தலைசுற்றல், குமட்டல் வந்தால் "சாமி வந்திருக்கு" என்று விட்டுவிடாமல் நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பை நனைத்து, மருத்துவ முகாமில் காட்ட வேண்டும். பேச்சு குழறினாலோ சுயநினைவு தவறினாலோ 108-ஐ அழைப்பதுதான் வழி. ஆற்றில் தண்ணீர் குறைவாகத் தெரிந்தாலும் பள்ளமும் வழுக்குப் பாறையும் கண்ணுக்குத் தெரியாது.

சத்தமும் சாதாரண விஷயம் இல்லை. இசை நிகழ்ச்சிகளில் 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வரையறுத்தது. ராட்டினத் திடலில் ஸ்பீக்கர் பெட்டிக்கு நேர் எதிரே குழந்தையைத் தோளில் வைத்து நிற்பவர்கள் பத்தடி தள்ளி நின்றாலே பாதி பிரச்னை தீரும். இந்தியச் சட்டப்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை. கலை, சமய விழாக்களுக்கு மட்டும் மாநில அரசு ஆண்டுக்கு 15 நாள் வரை நள்ளிரவு 12 மணி வரை தளர்த்தலாம். மைக் அணைந்த பிறகு கேட்கும் மேளம்தான் உண்மையான மேளம் என்று சொல்லும் உள்ளூர்க்காரர்கள் உண்டு. ஒருமுறை கேட்டவர்கள் மறுக்க மாட்டார்கள்.

அப்போ, எந்த நாள்?

தேரோட்டம் பார்த்தே ஆக வேண்டும் என்றால் வெள்ளிக்கிழமையைத் தவிர வழியில்லை. அன்று போக்குவரத்து மாற்றி விடப்படும், சொந்த வண்டி எங்கோ நிற்கும், கடைசியில் நடைதான். சிறப்புப் பேருந்தில் போவது மேல். இசைக்காக மட்டும் போகிறவர்கள் வெள்ளியையும் ஞாயிறையும் விட்டுவிட்டு, வேறொரு நாளில் இரவு 9 மணிக்கு மேல் போய் அதிகாலையில் திரும்பலாம். கழுத்து நகையை வீட்டில் வைத்துவிட்டு, குழந்தையின் சட்டைப்பையில் போன் நம்பரை எழுதிப் போட்டு, கூட்டத்தில் பிரிந்தால் எங்கே நிற்பது என்று முன்கூட்டியே பேசிக்கொண்டு போவது நல்லது. சிக்னல் நெருக்கடியில் போன் கிடைக்காமல் போவது எந்தப் பெரிய கூட்டத்திலும் சகஜம்.

சத்தமே வேண்டாம் என்பவர்களுக்கு இதே பள்ளத்தாக்கின் தெற்கு எல்லையில் வேறொரு கோடை விழா இருக்கிறது. சித்ரா பௌர்ணமி அன்று, ஆண்டுக்கு ஒரே நாள் மட்டும் திறக்கும் மங்கலதேவி கண்ணகி கோயில். பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால் கட்டுப்பாடுகள் கடுமை. குமுளியிலிருந்து ஜீப்பில் போகலாம், அல்லது பளியன்குடியிலிருந்து காட்டுப் பாதையில் மலையேறலாம். மாலைக்குள் எல்லோரும் இறங்கிவிட வேண்டும். ஏறுவது மூச்சு வாங்கும் என்பதால், முந்தின இரவு வீரபாண்டியில் கண் விழித்தவர்கள் ஜீப் வரிசையில் நிற்பதே உத்தமம்.