கொப்பரைக்கு முன்னால் ஒரு பாளை

திருப்பூர் மாவட்டத்தில் பனியனுக்கு அடுத்துப் பெயர்பெற்ற சரக்கு தேங்காய் எண்ணெய். உடுமலை, மடத்துக்குளம், பொள்ளாச்சித் தோப்புகளின் காய்கள் காங்கேயம், வெள்ளகோவில் உலர்களங்களுக்கு வருகின்றன. மழை குறைந்த வறண்ட வெயிலில், பாதிக்குப் பாதி ஈரமுள்ள பருப்பு ஆறு ஏழு சதவீத ஈரம் வரை காய்ந்து கொப்பரையாகிறது. அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு எண்ணெய்.

இந்தத் தொழிலுக்கு முந்தைய அறிவியல் மேற்குக் கரையில் தொடங்கியது. 1916இல் சென்னை மாகாண அரசு காசர்கோடு, நீலேசுவரம் பகுதியில் தென்னை ஆய்வுப் பண்ணைகளை அமைத்தது. நெட்டை மரம் நல்ல கொப்பரை தரும். ஆனால் காய்க்க ஆறேழு ஆண்டுகள் ஆகும். குட்டை சீக்கிரம் காய்க்கும். கொப்பரையோ சவசவத்துப் போகும். மாகாணத்தின் எண்ணெய்வித்து நிபுணர் ஜே. எஸ். பட்டேல் 1932இல் இரண்டையும் இணைத்தார். நெட்டையின் பாளையில் ஆண்பூக்களைக் கிள்ளியெடுத்து, பையால் மூடி, பெண்பூ பக்குவப்பட்ட நாட்களில் குட்டையின் மகரந்தத்தைத் தூவ வேண்டும். காய் முற்ற ஏறக்குறைய ஓராண்டு. கன்றின் குணம் தெரிய இன்னும் பல ஆண்டுகள். இவ்வளவு பொறுமை கேட்கும் பயிர் வேறு அதிகமில்லை. தென்னையில் கலப்பின வீரியத்தை உலகுக்கு முதலில் காட்டியது இந்த ஆய்வே. பட்டேலின் தென்னை நூல் 1938இல் வெளியானது.

தமிழ்நாட்டில் வேப்பங்குளம், ஆழியாறுநகர் ஆய்வு நிலையங்கள் அப்பணியைத் தொடர்ந்தன. உடுமலை அருகே தளியில் தென்னை வளர்ச்சி வாரியப் பண்ணை தரமான கன்றுகளை உற்பத்தி செய்கிறது.