பழைய கார்களின் டாஷ்போர்டு விளக்குகள் மங்குவது ஏன்?

பழைய கார் ஒன்றை மீட்டெடுப்பவர்கள் எஞ்சின், பிரேக், பெயின்ட் எல்லாவற்றையும் முடித்த பிறகே இந்தச் சிக்கலைக் கவனிக்கிறார்கள். இரவில் வண்டியை எடுத்தால் வேகமானியின் முள் கண்ணுக்குத் தெரிவதில்லை. பல்ப் எரிகிறது, ஆனால் மின்மினி அளவுக்குத்தான் எரிகிறது. இது பெரும்பாலும் ஒரே ஒரு கோளாறால் வருவது அல்ல. அக்காலத்து மின்னமைப்பு முறை, பொருள்களின் வயது, பின்னாளில் செய்த பழுதுபார்ப்புகள் ஆகிய மூன்றும் சேர்ந்து உண்டாக்குவது. இக்கட்டுரை முக்கியமாக இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1970 வரை வந்த பிரிட்டிஷ் கார்களைப் பற்றியது. மோரிஸ் ஆக்ஸ்போர்டின் மூன்றாம் வரிசையிலிருந்து பிறந்த அம்பாசடர் வழியாக நம் நாட்டுச் சாலைகளுக்கும் அந்த மரபு வந்து சேர்ந்தது.

விளக்கு வந்த கதை

டாஷ்போர்டு என்ற பெயர் குதிரை வண்டிக் காலத்தது. குதிரையின் குளம்படியில் தெறிக்கும் சேறு வண்டியோட்டியின் மேல் விழாமல் தடுத்த பலகைக்கு அந்தப் பெயர் இருந்தது. குதிரை போனது, பலகை நின்றது. பின்னர் அதில் கருவிகளைப் பொருத்தினார்கள். தொடக்க காலக் கார்களின் முன்விளக்குகள் அசிட்டிலீன் வாயுவில் எரிந்தன. 1912ஆம் ஆண்டு காடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டரும் மின்விளக்குகளும் ஒரே அமைப்பாக வந்தன. பேட்டரியும் டைனமோவும் வண்டியில் நிலைபெற்ற பிறகு, கருவிகளுக்கும் ஒரு சிறு பல்ப் வைப்பது எளிதாயிற்று.

பிரிட்டனில் இந்தத் துறையை ஆண்டது பர்மிங்காமின் லூகாஸ் நிறுவனம். அதன் நிறுவனர் ஜோசப் லூகாஸ் (1834–1902) தள்ளுவண்டியில் மண்ணெண்ணெயும் தட்டுமுட்டுச் சாமான்களும் விற்றுத் தொழிலைத் தொடங்கியவர். சைக்கிள் விளக்கால் பெயர் பெற்றார். பிற்காலத்துக் கார்க்காரர்கள் அவருக்கு ‘இருளின் இளவரசர்’ என்று கேலிப்பெயர் சூட்டினார்கள். கேலி சுவையானதுதான், ஆனால் முழுக்க நியாயமானது அல்ல. ஐம்பது ஆண்டு துருவையும் ஈரத்தையும் தாங்குவதற்காக அந்த இணைப்புகள் செய்யப்படவில்லை. லூகாஸுக்கும் தமிழ்நாட்டுக்கும் நேரடித் தொடர்பும் உண்டு. 1960களின் தொடக்கத்தில் டி.வி.எஸ். குழுமத்துடன் சேர்ந்து சென்னை பாடியில் லூகாஸ் டி.வி.எஸ். தொடங்கப்பட்டது.

கொஞ்சம் மங்கல் வேண்டியதே

ஒன்றை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இந்த விளக்குகள் புதிதாக இருந்தபோதும் பளிச்சென்று எரிந்தவை அல்ல. இருட்டுக்குக் கண் முழுமையாகப் பழக அரை மணி நேரம் வரை ஆகும். கண்ணெதிரே பிரகாசமான விளக்கு இருந்தால் அந்தப் பழக்கம் கெட்டு, சாலையோரத்தில் நடப்பவர் தெரியாமல் போவார். ஆகவே பல கார்களில் 12 வோல்ட், 2.2 வாட் திருகு பல்புகளையே வைத்தார்கள். சில கார்களில் ஒளியை இன்னும் குறைக்க ஒரு திருகு குமிழும் கொடுத்தார்கள். அதன் பின்னால் இருப்பது மின்தடைக் கம்பிச் சுருளும் அதன் மேல் உரசிச் செல்லும் ஒரு தகடும்தான். இந்தக் குமிழைப் பற்றிப் பின்னால் மீண்டும் பேசுவோம்.

மங்கலின் கணக்கு

பள்ளியில் படித்த ஓம் விதி இங்கே நேராகப் பயன்படுகிறது. 2.2 வாட் பல்புகள் நான்கு என்றால் மொத்தம் 8.8 வாட். 12 வோல்ட்டில் ஏறக்குறைய 0.73 ஆம்பியர் ஓடும். நான்கும் சேர்ந்த மின்தடை சுமார் 16.4 ஓம். பொது வழியில் எங்கோ துருப்பிடித்த ஓர் இணைப்பு 2 ஓம் தடையைச் சேர்த்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பல்புகளுக்குக் கிடைப்பது 10.7 வோல்ட். குறைவு பத்தில் ஒரு பங்கு போலத்தான் தெரியும். ஆனால் டங்ஸ்டன் இழை பல்பின் ஒளி, வோல்ட்டின் ஏறத்தாழ 3.4ஆம் அடுக்கின்படி மாறுகிறது. எனவே ஒளியில் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. 1960களின் நடுப்பகுதி வரை 6 வோல்ட்டில் ஓடிய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் போன்ற வண்டியில் இதே 2 ஓம், இதே வாட் பல்புகள் என்றால் ஏறக்குறைய கால் பங்கு ஒளிதான் மிஞ்சும். 6 வோல்ட் கார்கள் மங்கலுக்குப் பேர்போனதன் காரணம் இந்தக் கணக்கில் இருக்கிறது.

பல்பின் வயதும் சேர்கிறது. இழையிலிருந்து ஆவியாகும் டங்ஸ்டன் கண்ணாடியின் உட்புறம் கருமையாகப் படிகிறது. கருவியின் உள்ளே ஒளியைத் திருப்புவதற்காகப் பூசிய வெள்ளை வண்ணமும் பழுப்பேறிவிடுகிறது.

கோளாறைத் தேடுதல்

தொடங்கும் முன் ஓர் எச்சரிக்கை. 1950களின் பல பிரிட்டிஷ் கார்களில் பக்க விளக்கு, கருவி விளக்குச் சுற்றுக்கு ஃபியூஸே கிடையாது. டாஷ்போர்டின் பின்னால் ஒரு ஸ்பானர் தவறாகப் பட்டால் உருகி அணைய எதுவும் இல்லை, ஒயர் கட்டே எரியும். கருவிகளைக் கழற்றுவதற்கு முன் பேட்டரி இணைப்பை எடுத்துவிட வேண்டும். இந்த வேலையில் உயிருக்கும் வண்டிக்கும் ஆபத்து வரக்கூடிய இடம் இதுதான்.

முதல் கேள்வி: ஒரு விளக்கு மட்டும் மங்கலா, எல்லாமா? ஒன்று மட்டும் என்றால் அந்த பல்பு, அதன் ஹோல்டர், அந்தக் கருவியின் எர்த் ஆகியவற்றோடு விஷயம் முடிந்துவிடும். எல்லாம் மங்கல் என்றால் பொது வழியைப் பார்க்க வேண்டும். எஞ்சின் வேகம் கூடும்போது மட்டும் வெளிச்சம் கூடினால் டைனமோவையும் பேட்டரியையும் கவனிக்க வேண்டும். மெதுவாகச் சுழலும்போது டைனமோ போதிய மின்சாரம் தராது. ஆல்டர்னேட்டர் வந்த பிறகே இந்தக் குறை நீங்கியது.

அடுத்தது திருகு குமிழ். பல ஆண்டுகளாக யாரும் தொடாததால் அதன் உரசு தகட்டில் ஆக்சைடு படிந்திருக்கும். இருபது முறை முழுக்கத் திருப்பினாலே சில வண்டிகளில் விளக்கு பிரகாசமாகும். ஆகவில்லை என்றால், குமிழுக்கு முன்னும் பின்னும் உள்ள முனைகளை ஒரு துண்டு ஒயரால் தற்காலிகமாக இணைத்துப் பார்க்கலாம். வெளிச்சம் வந்துவிட்டால் குற்றவாளி அகப்பட்டது. பிரிட்டிஷ் வண்ண முறையில் கருவி விளக்குக்குச் செல்லும் ஒயர் சிவப்பில் வெள்ளைக் கோடு உள்ளது. எர்த் ஒயர் கறுப்பு. இந்த இரண்டையும் தெரிந்துகொண்டாலே பாதி வேலை குறையும்.

ஆனால் என் கணிப்பில், மீட்டெடுத்த கார்களில் முதலில் சந்தேகிக்க வேண்டியது எர்த். மின்சாரம் பல்பு ஹோல்டரிலிருந்து கருவியின் கூட்டுக்கும், அதைப் பிடித்திருக்கும் பட்டைக்கும் நட்டுக்கும், அங்கிருந்து உலோக டாஷ்போர்டு வழியாக வண்டியின் உடலுக்கும் போய் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். புதிதாகப் பெயின்ட் அடிக்கும்போது அந்தத் தொடர்பு மூடிக்கொள்கிறது. அழகான புதுப் பூச்சு மின்கடத்தாப் பொருளாகி நிற்கிறது! மர டாஷ்போர்டு உள்ள கார்களில் கருவிக்குக் கருவி எர்த் ஒயர் ஓடும். கழற்றிப் பூட்டியவர் அதில் ஒன்றை மறந்தாலும் போதும். சோதனை எளிது. விளக்கு எரியும்போது கருவியின் கூட்டுக்கும் பேட்டரியின் எர்த் முனைக்கும் இடையே வோல்ட் மீட்டரை வைக்க வேண்டும். ஏறத்தாழ சுழியம் காட்டினால் எர்த் நல்லது. அரை வோல்ட்டோ அதற்கு மேலோ காட்டினால் பட்டையின் அடியில் கொஞ்சம் பெயின்ட்டைச் சுரண்டி உலோகத்தைத் தொடவிட வேண்டும்.

எல்.இ.டி. போடலாமா?

இப்போது பலர் பல்பை எடுத்துவிட்டு எல்.இ.டி. போடுகிறார்கள். இரண்டு இடங்களில் தடுக்கும். 1930களின் நடுவிலிருந்து 1960களின் பிற்பகுதி வரை பெரும்பாலான பிரிட்டிஷ் கார்களில் பேட்டரியின் நேர்முனைதான் எர்த். எம்.ஜி.பி. கார்கூட 1962இல் அப்படித்தான் வந்தது, 1967இன் இறுதியில்தான் எதிர்முனை எர்த்துக்கு மாறியது. இழை பல்புக்கு எந்தப் பக்கமும் ஒன்றே. எல்.இ.டி.க்கு அப்படியல்ல. எதிர்முனை எர்த்துக்கென்று செய்தது இந்த வண்டிகளில் எரியவே எரியாது. வாங்கும்போதே கேட்டு வாங்க வேண்டும். இரண்டாவது, அதிகம் மின்சாரம் இழுக்காததால் பழைய திருகு குமிழ் எல்.இ.டி.யைச் சரியாக மங்கவைக்காது.

இதைவிடத் தவறானது கூடுதல் வாட் பல்பு போடுவது. மூடிய கருவிக்குள் வெப்பம் வெளியேற வழியில்லை. 5 வாட் பல்பின் சூட்டில் உள்ளிருக்கும் வண்ண வடிகட்டி சுருங்கும், முகப்பு எழுத்துகளின் வண்ணம் உரியும். பல்புக்கு மாற்று கடையில் கிடைக்கும். அந்தக் காலத்து முகப்புக்குக் கிடைக்காது.