மூன்றாவது அடுக்கு

1590 வாக்கில் சர் வால்டர் ராலே தம் கணித ஆலோசகர் தாமஸ் ஹாரியட்டிடம் ஒரு கேள்வி கேட்டார். கப்பலில் பீரங்கிக் குண்டுகளைக் குவித்திருக்கிறோம். குவியலைப் பார்த்தே எத்தனை என்று சொல்ல முடியுமா? ஹாரியட் கணக்குப் போட்டுக் கொடுத்தார். பொருள்கள் அணுக்களால் ஆனவை என்று நம்பியவர் அவர். 1606-ல் பிராகாவிலிருந்த கெப்ளரோடு கடிதத் தொடர்பு ஏற்பட்டபோது அணுக்களைப் பற்றியும் எழுதினார். 1611-ல் பனித்துகள் பற்றிய சிறுநூலில், குண்டுகளை அடுக்கும் அந்த முறையைவிட நெருக்கமாக உருண்டைகளை அடுக்க முடியாது என்றார் கெப்ளர். நிரூபணம் தரவில்லை.

மேசைமேல் உருண்டைகளை நெருக்கிப் பரப்பினால் ஒவ்வொன்றையும் ஆறு சூழும். அடுத்த அடுக்கு அவற்றிடையே உள்ள குழிகளில் உட்காரும். ஆனால் இடம் பாதிக் குழிகளுக்குத்தான் உண்டு. மூன்றாவது அடுக்கில் வழி இரண்டாகப் பிரிகிறது: முதல் அடுக்கின் உருண்டைகளுக்கு நேர் மேலே வைக்கலாம், அல்லது முதல் அடுக்கில் காலியாக விட்ட குழிகளுக்கு நேர் மேலே வைக்கலாம். எப்படி அடுக்கினாலும் ஒவ்வொன்றையும் 12 தொடும். இடத்தில் சுமார் 74 சதவீதம் நிறையும்.

அணு இருப்பதையே பலர் ஏற்காத 1883-ல், படிகங்களுக்குள் இந்த அடுக்குகள் இருக்கலாம் என்று லண்டனின் வில்லியம் பார்லோ எழுதினார். எனக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்த துணிச்சல் அது. 1914-ல் லாரன்ஸ் பிராக் எக்ஸ் கதிரைச் செலுத்திப் பார்த்தபோது செம்பில் இரண்டாவது வழி இருந்தது. தங்கமும் வெள்ளியும் அப்படித்தான். அவற்றில் நெருங்கிய அடுக்குகள் நான்கு திசைகளில் அமைவதால் ஒன்றின்மேல் ஒன்று எளிதில் வழுக்கும். தங்கத்தை ரேக்காகத் தட்ட முடிவது அதனால்தான். முதல் வழியில் போன மெக்னீசியத்தில் அத்தகைய திசை ஒன்றே. குளிர்ந்த நிலையில் வளைத்தால் எளிதில் விரிசல் விடும்.

கெப்ளரின் கூற்றை 1998-ல் தாமஸ் ஹேல்ஸ் கணினித் துணையோடு நிரூபித்தார். சரிபார்த்தவர்கள் 99 சதவீதம் உறுதி என்றார்கள். மீதி ஒரு சதவீதத்துக்காக அவர் குழு சேர்த்து உழைத்தார். 2014-ல் அது முடிந்தது. ஆனால் அந்த நிரூபணம் இரு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதில்லை, இரண்டின் அடர்த்தியும் ஒன்றே. கோபால்ட் அறை வெப்பத்தில் முதல் வழியில் இருக்கிறது; சுமார் 420 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அதன் அடுக்குகள் நகர்ந்து இரண்டாவது வழிக்கு மாறிவிடுகின்றன.