கடுகண்ணாவைக் கணவாயில் ஒரு நூதனசாலை

கல்முனையை அடுத்த நற்பிட்டிமுனைக்குத் தண்டவாளம் வந்ததே இல்லை. மகோவில் பிரிந்து கிழக்கே வந்த பாதை 1928இல் மட்டக்களப்போடு நின்றுவிட்டது. கல்முனைப் பக்கத்தார் 'உதயதேவி' வண்டியைப் பிடிக்க இன்றும் ஏறத்தாழ 40 கிலோமீற்றர் வடக்கே போக வேண்டும். ஆனாலும் கண்டிக்குப் போகிற கரையோரத்தவர்கள் இன்னும் கொஞ்சம் மேற்கே போய் கடுகண்ணாவையில் இறங்கிப் பார்க்க வேண்டும். தேசிய புகையிரத நூதனசாலை அங்குதான் இருக்கிறது.

மலைநாட்டுப் பாதைகள் கரையோர முஸ்லிம்களுக்குப் புதியவை அல்ல. போர்த்துக்கேயர் விரட்டிய முஸ்லிம்களைக் கண்டி மன்னன் செனரத் 1626இல் மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான். மலைநாட்டுக்கும் கரைக்கும் இடையே பொதிமாடுகளை ஓட்டிச் சென்ற தவளக்காரர்களில் முஸ்லிம்கள் பலர். உப்பும் கருவாடும் மேலே போகும்; பாக்கு கீழே வரும். கிழக்குச் சரிவில் மாடு நடந்த தடமே பாதை.

மேற்குச் சரிவின் கதை வேறு. 1815இல் கண்டியைப் பிடித்த ஆங்கிலேயர், 1820களில் கடுகண்ணாவைக் கணவாய் வழியே தெரு வெட்டினார்கள். அந்த வேலையை நடத்திய கப்டன் டோசன் 1829இல் இறந்தார். 1832இல் எழுப்பிய அவரது நினைவுக் கோபுரம் தெருவோரம் இன்னும் நிற்கிறது. தெரு வந்ததும் கோப்பித் தோட்டங்கள் பெருகின. மூட்டைகளைக் கொழும்புக்கு இறக்க மாட்டுவண்டி போதவில்லை. 1845இல் தோட்டக்காரர்கள் புகையிரதக் கம்பனி ஒன்றைத் தொடங்கினார்கள். 1858இல் ஆளுநர் ஹென்றி வோர்ட் முதல் மண்ணை வெட்டினார். பிறகு கம்பனி கைவிட்டுப்போக, அரசே பொறுப்பேற்று ஃபேவியல் என்ற ஒப்பந்தக்காரரிடம் வேலையைக் கொடுத்தது. 1864 டிசம்பர் 27 அன்று முதல் வண்டி கொழும்பிலிருந்து 54 கிலோமீற்றர் ஓடி அம்பேபுஸ்ஸவைத் தொட்டது.

கடினமான வேலை அதற்கப்பால்தான் இருந்தது. ரம்புக்கணையிலிருந்து கடுகண்ணாவை வரை பாதை ஏறத்தாழ 45 அடிக்கு ஓர் அடி என்ற கணக்கில் ஏறுகிறது. தமிழகத்திலிருந்து வந்த கூலியாட்கள் பாறையை உடைத்தார்கள், சுரங்கம் குடைந்தார்கள்; மலேரியாவுக்குப் பலர் பலியானார்கள். 1867இல் வண்டி கண்டியை அடைந்தது. கனமான வண்டிகளைப் பின்னாலிருந்து தள்ளிக் கொடுக்க இந்த ஏற்றத்தில் இன்னோர் எந்திரம் தேவைப்பட்டது.

நூதனசாலை முதலில் இங்கே இருக்கவில்லை. 2009இல் கொழும்பு மருதானையில், பழைய கொழும்பு முனைய நிலையத்தில்தான் அதைத் திறந்தார்கள். புகையிரத சேவைக்கு 150 வயதான அதே நாளில், 2014 டிசம்பர் 27 அன்று, கடுகண்ணாவையில் புதிதாகத் திறந்தார்கள். இது மிகச் சரியான தீர்மானம். ஏற்றத்தை வென்ற எந்திரங்களை அந்த ஏற்றத்தின் உச்சியிலேயே பார்க்கலாம். பக்கத்துத் தண்டவாளத்தில் கண்டி வண்டி ஓடிக்கொண்டிருக்கும்.

சின்ன இடந்தான், ஆனால் வேறெங்கும் எளிதில் காணக் கிடைக்காதவை அங்கே உண்டு. களனிவெளிப் பாதையின் தண்டவாள இடைவெளி முன்பு இரண்டரை அடியாகத்தான் இருந்தது. 1990களில் அதை ஐந்தரை அடி அகலப் பாதையாக மாற்றியபோது அந்தச் சிறிய வண்டிகளின் காலம் முடிந்தது. இரும்புக் கடைக்குப் போகாமல் எஞ்சியவற்றை இத்தகைய இடங்களில்தான் தேட வேண்டும்.

பழைய டேப்லட் கருவிக்கு முன்னால் கொஞ்சம் கூடுதலாக நிற்கலாம். ஒற்றைத் தண்டவாளத்தில் இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்துவிடாதபடி காத்தது ஒரு சின்ன உலோக வில்லை. இரு நிலையங்களிலும் உள்ள பெட்டிகள் மின்கம்பியால் இணைந்திருக்கும். ஒரு வில்லை வெளியே வந்துவிட்டால், அது மீண்டும் ஒரு பெட்டிக்குள் போகும்வரை அடுத்தது வராது. வளையத்தில் தொங்கும் அந்த வில்லை கைக்கு வராமல் சாரதி வண்டியை எடுக்கமாட்டார். கணினி இல்லாத காலத்தில் எத்தனை உயிர்களை அது காத்திருக்கும்!

நமது கரையில் அப்படி எதைச் சேர்த்து வைத்திருக்கிறோம்? கிட்டங்கித் தாம்போதியில் மாரிவெள்ளம் பாயும்போது ஆட்களை ஏற்றி இறக்கிய தோணி, வயலிலிருந்து நெல் ஏற்றிவந்த வண்டிலின் சக்கரம், நுகம், மாட்டுக் கழுத்து மணி எல்லாம் இன்னும் சில வளவுகளில் கிடக்கின்றன. அவற்றை விறகுக்கும் பழைய இரும்புக்கும் கொடுத்துவிடாதீர்கள். கல்முனையில் ஒரு பாடசாலையோ நூலகமோ ஓர் அறையை ஒதுக்கினால், தொடங்குவதற்கு அது போதும்.